சுற்றிப் போட்ட மண்

எங்கள் கலங்கரை நகர் ஹவுசிங் போர்டில் அந்த நட்சத்திரம் பவுனுவின் இஸ்திரிப் பெட்டியில்தான் பிறந்தது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அது என்ன கிழமை, அன்று மழை தூறியதா இல்லையா, பெட்டிக்குள் கிடந்தது அடுப்புக் கரியா கொட்டாங்குச்சிக் கரியா என்பதில்தான் எச் பிளாக்குக்கும் ஜி பிளாக்குக்கும் இன்றுவரை தகராறு. பொழுது சாயும் நேரத்தில், கடைசி யூனிஃபார்மையும் மடித்து அடுக்கிவிட்டு, பவுனு பெட்டியின் மூடியைத் திறந்து கங்குகளை மண்ணில் தட்டித் தண்ணீர் தெளித்தாள். எல்லாக் கங்கும் உஸ்ஸென்று அணைந்து போக, ஒன்று மட்டும் அணையவில்லை. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். குனிந்து ஊதினாள். ஊதியதும் அது தரையைவிட்டு எழும்பி, கொட்டிக் கிடந்த சாம்பலையெல்லாம் தன்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, தள்ளுவண்டியின் தகரக் கூரைக்கும் பூவரச மரத்துக்கும் நடுவில், கை தூக்கினாலும் எட்டாத உயரத்தில் போய் நின்றுகொண்டது.

மீன்பாடி வண்டி ஓட்டுகிற அவள் புருஷன் எத்திராஜ் அப்போதுதான் லோடு இறக்கிவிட்டு வந்தான். அண்ணாந்து பார்த்தான்.

"இன்னாமே இது?"

"கரின்னு நெனச்சேன். கரி இல்ல போலகீது."

"சரி வுடு. மரத்துல பட்டு எரியாம பாத்துக்கோ," என்றுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

நாங்களும் அதற்கு மேல் ஆச்சரியப்படவில்லை. புயல் அடித்த வருஷம் யாருடையதோ ஒரு கட்டுமரம் நான்காவது மாடி பால்கனியில் வந்து உட்கார்ந்து, அதைக் கேட்டு யாரும் வராததால் இன்றுவரை அதில்தான் வடகம் காய்கிற இடம் இது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மேலே ஏறாத கட்டடத்துக்கு மொட்டை மாடியில் யானை குளிக்கிற அளவுக்கு டேங்க் கட்டி, அதற்கு வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையும் அடிக்கிறவர்கள் நாங்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் இளஞ்செழியன் மட்டும் தன் ஜெராக்ஸ் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். காலேஜ் பிள்ளைகள் பிரதி எடுக்கக் கொடுக்கிற ஆராய்ச்சிக் காகிதங்களை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பவர் அவர். கடவுள் இல்லை, பேய் இல்லை, கடனும் இல்லை என்று கடை வாசலில் பலகை மாட்டியிருப்பவர்.

"நட்சத்திரம்மா இது," என்றார். "புதுசா பொறந்திருக்கு. இன்னும் தூசிக்குள்ளயே கெடக்கு, அதான் வெளிச்சம் வரல. சூடு மட்டும்தான் தெரியும்."

"கொழந்தையா சார்?" என்று கேட்டாள் பவுனு.

"பச்சக் கொழந்த."

அந்த வார்த்தையைக் கேட்டதும் பவுனு வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதன்பிறகு அவள் அதை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

ஏன் என்று எங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையில் அடங்குகிற குழந்தை. ஆஸ்பத்திரியில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், தொட விடவில்லை, பார்க்க மட்டும் விட்டார்கள். அவள் சோறு தண்ணி இல்லாமல், தூங்காமல், அந்தக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தை தங்கவில்லை. இடுகாட்டு வாசலில் வைத்து அவள் மாமியார், துக்கத்தில் சொன்னாளோ வேண்டுமென்றே சொன்னாளோ, "பெத்தவ கண்ணு பொல்லாத கண்ணு. வெச்ச கண்ணு எடுக்காம பாத்துப் பாத்தே புள்ளைய முழுங்கிட்டா," என்று சொல்லிவிட்டாள். மாமியாரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது, அந்தச் சொல் மட்டும் போகவில்லை. அன்றிலிருந்து பவுனு எந்தக் குழந்தையையும் முகம் பார்த்ததில்லை. எங்கள் பிள்ளைகள் அத்தனை பேருடைய சட்டை அளவும் அவளுக்குத் தெரியும், எவன் காலரில் அழுக்கு அதிகம், எவள் பாவாடைக்கு ஊக்கு இல்லை என்று தெரியும், முகம் தெரியாது.

அதனால் அந்த நட்சத்திரத்தை அவள் முதுகைக் காட்டிக்கொண்டேதான் வளர்த்தாள். தினமும் வேலை முடிந்ததும் பெட்டிச் சாம்பலை இரண்டு கையிலும் அள்ளி, தலையைக் குனிந்துகொண்டே மேலே வீசுவாள். அது இழுத்துக்கொள்ளும். முதுகில் படுகிற வெதுவெதுப்பை வைத்து அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இது அணையக் கூடாது, தன் கண்ணால் நிச்சயமாக அணையக் கூடாது.

வெளிச்சம் இல்லாத அந்தச் சூட்டோடு நாங்கள் சீக்கிரமே ஒட்டிக்கொண்டோம். மழைக்காலத்தில் எச் பிளாக் துணி மட்டும் காய்ந்தது, அதனால் மற்ற பிளாக்குகளும் அங்கே கொடி கட்டின, கொடி கட்ட இடம் பிடிப்பதில் இரண்டு கல்யாணப் பேச்சு முறிந்து ஒரு கல்யாணம் நிச்சயமானது. தோசை மாவு பொங்கியது. மூட்டுவலிக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, முழங்காலை மேலே காட்டியபடி அரசியல் பேசினார்கள். பூனைகள் எல்லாம் வேறு பிளாக்கில் எலி பிடிப்பதை நிறுத்திவிட்டு இங்கே குடிவந்துவிட்டன.

பிறகு ஒரு சாயங்காலம், கரண்ட் போன நேரத்தில், அது முதல் தடவையாக வெடித்து எரிந்தது. வெடித்தது என்றால் சத்தம் எதுவும் இல்லை. சுற்றிக் கிடந்த சாம்பல் போர்வை மொத்தமாக உள்ளே சரிந்தது, அவ்வளவுதான். மறு நொடி ஹவுசிங் போர்டு முழுவதும் உச்சி வெயில் அடித்தது. கூட்டுக்குப் போயிருந்த காக்கைகள் விடிந்துவிட்டது என்று நினைத்துக் கத்திக்கொண்டு கிளம்பின, பால்காரர் இவ்வளவு நேரமா தூங்கிவிட்டோம் என்று பதறி எழுந்து சட்டைகூடப் போடாமல் கேனோடு ஓடினார், கொடியில் கிடந்த சேலைகள் ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப் போயின, மறுநாள் கட்ட வைத்திருந்த மல்லி மொட்டு அத்தனையும் கூடையிலேயே மலர்ந்துவிட்டது. மீன் விற்கிற தேசம்மாதான் அதிகம் கத்தினாள், ஏனென்றால் அவள் பெட்டியில் இருந்த ஐஸ் முழுக்க உருகி வஞ்சிரம் தண்ணீரில் மிதந்தது. ஆனால் பிளாக்கின் மூன்றாவது படிக்கட்டு வாசலுக்கு அப்பால் வைத்திருந்த பெட்டிகளில் ஐஸ் அப்படியே இருந்தது. அந்த இடத்தில் யாரோ தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்கள், அதற்கு ஐஸ் கோடு என்று பெயர் வந்தது, அன்றிலிருந்து மீன்காரர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் கடை விரிப்பது என்று ஆனது.

எரிந்து முடித்ததும் அது முன்பைவிடவும் மங்கிப் போனது. நாட்கள் போயின, வாரங்கள் போயின, சாம்பல் வீசினால்கூட இழுத்துக்கொள்ளவில்லை. மூட்டுவலிக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பவுனுவின் முதுகு குளிர்ந்தது.

"கண்ணு பட்டுக்கீது," என்றாள் தேசம்மா. கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, டாக்டர் மாதிரி ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். "ஒரே நேரத்துல அம்மாம் பேரும் வாயப் பொளந்துக்கினு பாத்தீங்களே, தாங்குமா? காய்ச்சல் வந்த கொழந்த மாதிரி தொவண்டு கெடக்குது பாரு."

"நான் பாக்கலக்கா," என்றாள் பவுனு உடனே.

"ஒன்ன யாரு சொன்னா? பாத்தவங்க காலடி மண்ணெல்லாம் எடுத்துக்கினு வாங்க."

திருஷ்டி கழிப்பது எங்களுக்குப் புதிதில்லை. யார் கண் பட்டதோ அவர் நடந்து போன தடத்திலிருந்து, அவருக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை மண் எடுத்து, உப்பு, மிளகாய், கடுகோடு சேர்த்து, குழந்தைக்கு வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று சுற்றி, அடுப்பில் போட வேண்டும். மிளகாய் கமறி இருமல் வந்தால் திருஷ்டி இல்லை. கமறவில்லை என்றால் திருஷ்டி பலம். ஆனால் இங்கே குழந்தையும் அதுதான், அடுப்பும் அதுதான் என்பதால், தேசம்மா நாற்காலிமேல் ஏறி நின்று, எல்லோருடைய காலடி மண்ணையும் முந்தானையில் முடிந்து அதைச் சுற்றினாள், சுற்றிவிட்டு அதன் மேலேயே வீசினாள். மண் விழவில்லை. அவள் கை கடைசியாக எந்தப் பக்கமாகச் சுற்றி வந்ததோ அந்தப் பக்கமாகவே அந்த மண் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியைவிட்டு இறங்கின பிறகும் சுற்றியது, நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் சுற்றியது, மெல்லிய வளையல் மாதிரி, நடுவில் அந்தச் சிவந்த பொட்டோடு.

"கொஞ்சம் பொறு, வுயும்," என்றாள் தேசம்மா.

விழுந்தது. ஆனால் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த மண் வளையம் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போய், எல்லோரும் அதை மறந்து தத்தம் வேலையைப் பார்க்கிற ஒரு நாளில் மொத்தமாகச் சரிந்தது, அது முன்பைவிடப் பெரிதாக எரிந்தது, ஐஸ் கோட்டை ஆறாவது படிக்கட்டுக்குத் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. அவ்வளவு மிளகாய் உள்ளே போயும் ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. அப்படியென்றால் எவ்வளவு பெரிய திருஷ்டி என்று நாங்கள் மிரண்டு போனோம். எரிந்து முடிந்ததும் கடுகு கடுகாகக் கண்ணாடி மணிகள் கொட்டின. எங்கள் கால் மண்தான் உருகி உருண்டையாகியிருந்தது. பெண் பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கிக் கோத்துப் போட்டுக்கொண்டார்கள்.

எரிந்தால் பார்க்கக் கூட்டம் வந்தது, கூட்டம் வந்தால் கண் பட்டது, கண் பட்டால் மங்கியது, மங்கினால் நாங்கள் காலடி மண் எடுத்துச் சுற்றினோம், சுற்றினால் வளையம் தடித்தது, தடித்தால் ஒரு நாள் சரிந்து இன்னும் பெரிதாக எரிந்தது. நாங்கள் செய்த தவறு இதுதான், அதைத் தவறு என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம். பக்கத்து நகர்களிலிருந்து வந்தார்கள், பிறகு பல்லாவரத்திலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள், டிவிக்காரர்கள் குடையோடு வந்தார்கள். கேட்டில் ஒரு பெயின்ட் வாளியை வைத்து, வருகிறவர்கள் செருப்பைத் தட்டிவிட்டுப் போக வேண்டும் என்று சட்டம் போட்டோம். கொத்தனார்களின் கால் சிமென்ட், மீனவர்களின் கால் கடல் மணல், விழுப்புரத்திலிருந்து வந்தவரின் செம்மண், பள்ளிக்கூட மைதானத்துப் புழுதி, கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து வந்த ஒரு கிழவரின் செருப்பில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத் தூசு, ஆஸ்பத்திரி ஆயாவின் கால் மண், விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் மண் எல்லாம் அந்த வளையத்தில் சுற்றின. பக்கத்தில் நின்று பார்த்தால் பட்டை பட்டையாக நிறம் தெரியும். யார் மண் எது என்று எங்களால் அடையாளம் சொல்ல முடிந்தது, அதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

மண் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் இளஞ்செழியன்.

"நட்சத்திரத்துக்குத் திருஷ்டியா? வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று கடை வாசலில் நின்று கத்தினார். "நீங்க கழிக்கிறது திருஷ்டி இல்லய்யா. நீங்க அதுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கீங்க. மண்ணு சுத்துது, சேருது, விழுது, எரியுது. எல்லா நட்சத்திரமும் சின்னதுல இப்படித்தான் சாப்பிடும். ஒழுங்கா மூணு வேளை சாப்பிடற கொழந்த இல்ல. நாள் கணக்கா பட்டினி கெடக்கும், ஒரு நாள் விருந்து சாப்பிடும். எரியறதுதான் வளர்றது. அது நோய் இல்ல!"

"சோறுதான் ஊட்றோம்னா இன்னா தப்பு?" என்றாள் தேசம்மா. "புள்ளைக்கு சுத்திப் போட்டா மாதிரியும் ஆச்சி, ஊட்டின மாதிரியும் ஆச்சி. ஒங்க மண்ணக் குடு சார்."

"முடியாது."

அவர் மண் வராததால்தான் மங்குகிறது என்று பாதிப் பேர் பேச ஆரம்பித்தார்கள். சங்கக் கூட்டத்தில் இதே பேச்சாகி, செயலாளர் பதவிக்கே ஆபத்து வந்தது. கடைசியில் தேசம்மா ஜெராக்ஸ் எடுக்கப் போகிற சாக்கில் அவர் கடை மிதியடியை முந்தானையில் உதறிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்குக் கடையில் மிதியடி வழக்கமான இடத்தில் இல்லாமல் வாசலுக்கு வெளியே, எடுக்க வாகாகக் கிடந்தது என்பதை அவள் பிற்பாடுதான் சொன்னாள்.

இத்தனைக்கும் நடுவில் பவுனு குனிந்த தலை நிமிராமல் துணி தேய்த்தாள். அவள் தலைக்கு மேலே ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. எரிகிற நாட்களில் அவளுக்கு முன்னால் இருக்கிற வெள்ளைச் சட்டையில் அந்த வெளிச்சம் விழும், அவள் சட்டையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அந்த வெளிச்சத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். சட்டையைப் பார்த்தால் கண் படாது என்று அவள் தனக்குத்தானே ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

பிறகு அந்தப் பெரிய மங்கல் வந்தது. வளையம் தடித்துத் தடித்து, மொட்டை மாடி டேங்க்குக்குக் கட்டிய பட்டை மாதிரி அகலமாகி, அதில் அங்கங்கே மண் கட்டி தட்டவும் ஆரம்பித்திருந்தது. ஆனால் சரியவே இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. நடுவில் இருந்ததோ சிறுத்துக்கொண்டே வந்தது, எலுமிச்சை அளவிலிருந்து சுண்டைக்காய்க்கும், சுண்டைக்காயிலிருந்து மிளகுக்கும் வந்துவிட்டது. ஐஸ் கோட்டை ஒவ்வொரு படிக்கட்டாக உள்ளே இழுத்து, கடைசியில் தேசம்மா தன் பெட்டியைப் பவுனுவின் வண்டிக்குக் கீழேயே வைத்தாள், ஐஸ் உருகவில்லை. துணி காயவில்லை. பூனைகள் போய்விட்டன. வெளியூர்க் கூட்டமும் நின்றுவிட்டது. எங்களுக்குத் தாங்க முடியவில்லை, உண்மையாகவே தாங்க முடியவில்லை. அதுவரைக்கும் அதை எங்கள் வீட்டுக் குழந்தை என்று நினைத்திருந்தோம் என்பதே அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

"எல்லார் மண்ணும் போட்டாச்சே," என்றாள் தேசம்மா. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். "செயலாளர் மண்ணும் போட்டாச்சி. இன்னும் யாரு பாக்கி?"

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது, எல்லோரும் வேறெங்கோ பார்த்தோம். பவுனு கையிலிருந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் பாக்கவே இல்லியே," என்றாள். "ஒரு நாளு, ஒரு பொயுது நான் நிமிந்து பாத்ததில்ல. பாக்காதவ காலடி மண்ணு எதுக்குக்கா?"

"நான் ஒண்ணும் சொல்லலடி."

"என் கண்ணு எப்டிப்பட்ட கண்ணுன்னு ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிம் கேக்குறீங்க."

இளஞ்செழியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். வழக்கமாகக் கத்துகிறவர், அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"பவுனும்மா, நான் கண்ணு, திருஷ்டி எதையும் நம்பறவன் இல்ல. மண்ணைப் பத்தி மட்டும் சொல்றேன். சுத்தறது ஒரே சீரா சுத்தப் பழகிடுச்சு. இனிமே தானா விழாது. வெளிய இருந்து ஒரு பிடி புதுசா வந்து முட்டணும். முட்டினா தடுமாறும், தடுமாறினா எல்லாம் விழும்."

"வுயுந்தா?"

"இதுவரைக்கும் எரியாத அளவுக்கு எரியும். பெரிசாயிடும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்புறம் இங்க இருக்காதும்மா. இருக்கவும் முடியாது. போயிடும்."

"வுயலேன்னா?"

"இங்கயே இருக்கும். கொஞ்ச நாள்."

பவுனு வண்டியைப் பிடித்துக்கொண்டாள். எத்திராஜ் மீன்பாடி வண்டியை நிறுத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை, மனைவியிடம் அந்தப் பழைய விஷயத்தைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசினவன் இல்லை.

"எங்கம்மா அன்னிக்கு சொன்னது தப்பு," என்றான். "அப்பவே நான் சொல்லிருக்கணும். எனுக்கு அன்னிக்கு வாய் வரல."

"இப்ப இன்னாத்துக்குச் சொல்ற?"

"கொழந்த செத்துது ஒன் கண்ணால இல்ல, பவுனு. அதுக்கு மூச்சு வுடத் தெரில. அதான் டாக்டரம்மா சொன்னாங்க. நீ பாத்ததால அது அத்தினி நாளு இருந்துச்சின்னு நான் நெனச்சிக்கினு இருக்கேன். இன்னிக்கி வரிக்கும்." அவன் மேலே கை காட்டினான். "இத்தையும் பாக்காமலே வளத்துட்ட. போறதா இருந்தா ஒரு தபா பாத்து அனுப்பு."

பவுனு அழுதாள். எங்களுக்கு முன்னால் அவள் அழுது நாங்கள் பார்த்ததே இல்லை. அழுதுகொண்டே அவள் செருப்பைக் கழற்றினாள். வண்டிக்குப் பின்னால், அவள் இத்தனை வருஷமாக நின்று நின்று தேய்த்த இடத்தில், தரை இரண்டு பாதம் அளவுக்குக் குழிந்திருக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், சிட்டுக்குருவிகள் குளிக்கும். அந்தக் குழிகளிலிருந்து, சாம்பலும் மண்ணும் கரித்தூளும் கலந்து கறுத்துக் கிடந்ததை, வலது காலிலிருந்து ஒரு பிடி, இடது காலிலிருந்து ஒரு பிடி அள்ளினாள்.

"நான் பாக்கறப்ப வேற யாரு கண்ணும் அதும் மேல இருக்கக் கூடாது," என்றாள். "எதாச்சும் ஆச்சின்னா என்னாலதான் ஆச்சின்னு எனுக்குத் தெரியணும்."

நாங்கள் திரும்பி நின்றோம். எச் பிளாக், ஜி பிளாக், எல்லாப் பிளாக்கும், மாடிப்படியில் இருந்தவர்கள், ஜன்னலில் இருந்தவர்கள், கட்டுமரத்தில் வடகம் அள்ளிக்கொண்டிருந்தவர்கள், கைக்குழந்தைகளின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்ட தாய்மார்கள், முதலில் கொஞ்சம் தயங்கிவிட்டு இளஞ்செழியன், எல்லோரும் அவளுக்கும் அதற்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கடல் பக்கமாகத் திரும்பி நின்றோம். அதனால் அடுத்து நடந்ததை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. அவள் கை வளையல் சத்தம்தான் கேட்டது, வலமாக மூன்று, இடமாக மூன்று. பிறகு அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்ட சத்தம். பிறகு வெகுநேரம் எதுவுமே இல்லை. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள் என்று எங்களுக்குத் தெரிந்தது.

அதன்பிறகு எங்களுக்கு முன்னால் எங்கள் நிழல்கள் விழுந்தன. இன்னும் இருட்டாத அந்த நேரத்தில், தார் ரோட்டைத் தாண்டி, படகுகளைத் தாண்டி, மணலைத் தாண்டி, அத்தனை பேருடைய நிழலும் நீண்டு ஓடிக் கடலுக்குள் இறங்கியது. முதுகு சுட்டது. எங்களுக்கு முன்னால் கடல், அலையோடு அலையாக எங்கள் தலைகளின் நிழல் அசைவதை நாங்கள் பார்த்தோம். கடைசி பிளாக்குக்கு அப்பால் வைத்திருந்த பெட்டிகளில்கூட ஒரு துண்டு ஐஸ் மிஞ்சவில்லை. காக்கைகள் கத்தவில்லை, அவையும் திரும்பி உட்கார்ந்திருந்தன என்று ஜி பிளாக்காரர்கள் சொல்கிறார்கள், அதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. பிறகு நிழல்கள் குறுகிக்கொண்டே வந்தன, அப்போதுதான் வெளிச்சம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. எங்கள் காலடிக்கு நிழல் வந்து சேர்ந்தபோது அது நேர் உச்சியில் இருந்தது, எங்கள் தோள்மேலும் தலைமேலும் மணி மணியாகக் கண்ணாடி கொட்டியது.

திரும்பிப் பார்த்தோம். பவுனு கழுத்தைப் பின்னால் சாய்த்து, கண் இமைக்காமல், இரண்டு கையும் மண்ணாக, மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி நிமிர்ந்து நாங்கள் பார்த்ததும் அன்றைக்குத்தான். அவளுக்கு இடது தாடையில் ஒரு மச்சம் இருந்தது.

இப்போது அது மொட்டை மாடி டேங்க்குக்கு நேர் மேலே, பொழுது சாய்ந்ததும் முதல் ஆளாக வந்து நிற்கிறது. போகும்போது, விழாமல் மிஞ்சிய வளையத்தையும் சுற்றிக்கொண்டேதான் போனது. சில மாதம் மங்கலாக இருக்கும், சில மாதம் திடீரென்று கூடுதலாக எரியும், அப்போது வெளியூரில் உள்ளவர்கள் என்னவோ ஏதோ என்று பேசிக்கொள்கிறார்கள். சாப்பிடுகிறது என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். இளஞ்செழியன் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய பைனாகுலர் வாங்கி வந்திருக்கிறார். வளையத்தில் மண் கட்டி தட்டி ஒரு உருண்டையாகிவிட்டது, தனியாகச் சுற்றுகிறது, நாளைக்கு அது ஒரு உலகமாகவே ஆனாலும் ஆகும் என்கிறார். "அதுல யார் யார் மண்ணு சார் இருக்கும்?" என்று கேட்டால், "எல்லார் மண்ணும்தான்," என்று சொல்லிவிட்டு, பைனாகுலரைத் துடைத்தபடி, "என்னுதும்," என்பார்.

பவுனு அதே இடத்தில்தான் வண்டி போட்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளை நிறுத்திக் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று ஒவ்வொருவரையும் முகம் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பொழுது சாய்ந்ததும் தேய்த்துக்கொண்டிருக்கிற கை அப்படியே நின்றுவிடும், முகம் மேலே போய்விடும். போன வாரம்கூட இளஞ்செழியனின் வெள்ளைச் சட்டை பொசுங்கி, புகை கிளம்பி, அந்த நாற்றம் மீன் நாற்றத்தையும் மீறி அடித்தது. தேசம்மாதான் ஓடிவந்து பெட்டியைத் தூக்கினாள்.

"ஏய் பவுனு! இப்டி வெச்ச கண்ணு எடுக்காம பாக்காதடி. கண்ணு பட்றப் போவுது."

பவுனு கண்ணை எடுக்கவில்லை.

"படட்டும்க்கா," என்றாள். "அத்தத் துன்னுதானே வளந்துச்சி."